அழிறப்பர் தின்ற டைப்ரைட்டர்

பிழை விடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை அழிக்கப் போகும்போதுதான் மானம் போகும். எனக்குப் போனது எண்பதுகளின் தொடக்கத்தில், கிளிநொச்சியில் ஒரு விவசாயிகள் சங்கக் கந்தோரில்.

தட்டச்சு வகுப்பில் நான்தான் வேகக்காரி. (வேகம் மட்டும்தான். சரியாக அடிக்கிறேனா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) அந்தத் திமிரோடு சங்கத்தில் ஒரு வாரம் வேலை பழகப் போனேன். வாரம் ஒழுங்காக முடிந்தால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் தலைவரின் தங்கை மகள் சுகந்திக்கு. அவள் நாள்தோறும் வந்து, எனக்கெதிரே ஒரு கதிரையில், கைப்பையை மடியில் வைத்தபடி காத்திருந்தாள்.

இரண்டு நாளில் டைப்ரைட்டர் இறுகத் தொடங்கியது. பிழையை அழித்துவிட்டு அடுத்த எழுத்தைத் தட்டினால், எழுத்துக் கம்பி பாதி வழியில் நின்றுவிடும். சங்கத்துக்கு இருந்ததே அந்த ஒன்றுதான். முகாமையாளர் பதறிப்போனார்.

"பிள்ளை, மிசினை உடைச்சுப்போட்டீரோ?"

"ஐயோ, நான் ஒண்டும் செய்யேல்லை ஐயா! அழிச்சாப் பிறகுதான் இறுகுது."

காவலாளி நாவூறு, கண் பட்டுவிட்டது என்று சொல்லி மிசினில் ஒரு தேசிக்காய் கட்டினார். முகாமையாளர் தையல்மிசின் எண்ணெய் விட்டார். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு முன்னையைவிட மோசமாக ஒட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை, விதைநெல் கொடுக்கும் நாளை அறிவிக்கும் நோட்டீஸ் பூநகரி பஸ்சில் போகவேண்டும். பாதியில் மிசின் அடியோடு நின்றது. சுகந்தி எழும்பி வந்து, தன் புத்தம்புது அழிறப்பரை என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பார்த்தால், திங்கட்கிழமை முழுசாக இருந்த என் அழிறப்பர் இப்போது கச்சான் கொட்டை அளவுதான்.

மிச்சம் எங்கே போனது?

மிசினைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு உலுக்கு உலுக்கினேன். எண்ணெயில் ஊறிய கறுப்புத் துருவல் பொலபொலவென்று கொட்டியது. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த தலைவரின் வெள்ளை வேட்டியிலும்தான்.

"என்ன கோதாரி இது?"

"அழிறப்பர் ஐயா."

"இவ்வளவுமோ?"

மிசினில் பழுதில்லை என்று சொல்ல, பழுது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. "அஞ்சு நாளிலை நான் விட்ட பிழை, ஐயா."

தலைவர் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தார். நான் மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் கொண்டு கம்பிகளைத் துடைத்தேன். தேசிக்காயையும் கழற்றி எறிந்தேன். பிறகு அழிக்கும்போதெல்லாம் தாள் சுற்றிய உருளையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன், துருவல் வெளியே விழுந்தது. மிசின் குதிரையாய் ஓடியது. நோட்டீஸ் பஸ் ஏறியது. வேலை எனக்கே எனக்கு! சுகந்தி போகும்போது அழிறப்பரை எடுக்கவில்லை. "உங்களுக்குத் தேவைப்படும் அக்கா" என்றாள்.

போன மாதம் மகள் தொலைபேசியில் அழாத குறை. "அம்மா, அடிச்சதைத் திருப்பி அழிக்கப் போனா கொம்பியூட்டர் அப்பிடியே இறுகிப்போகுது."

ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். குசினிக்குள்ளிருந்து என் மனுசன் கத்தினார்:

"கவிட்டுக் கொட்டச் சொல்லுமப்பா! உம்மடை மகள்தானே, ஒரு கடகம் நிறையத் துருவல் விழும்!"