வித்தியாசம் பார்க்காதவரும் பக்கத்து இருக்கையும்

இன்று நான் உங்களுக்குக் காட்டப்போகும் இனம், வித்தியாசம் பார்க்காத அப்பா. தேடி அலைய வேண்டாம். எந்த மாடிப்படியிலாவது, எந்த வரிசையிலாவது, நீங்கள் கேட்காமலே ஒருவர் "எங்க வீட்ல ஆண், பெண்ணுன்னு வித்தியாசமே பார்க்கறதில்ல சார்" என்று ஆரம்பித்தால், அவர்தான். பார்க்காத ஒன்றை எதற்காகத் தினமும் அறிவிக்க வேண்டும்? கேட்டுவிடாதீர்கள், மனசு நொந்துபோவார்.

மகனுக்குப் பொம்மை அடுப்பு வாங்கித் தருவார், வாங்கியதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார், அதில் பையன் டீ போட்டு நீட்டினால் கண்ணை மூடி உறிஞ்சி, ஆகா என்று தலையாட்டி, அந்தத் தலை ஆடி நிற்பதற்குள் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, நிஜ டீ ஆச்சா?" என்பார். இதில் எது பையன் மனதில் தங்கும் என்கிறீர்கள்?

இந்த இனத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஊரார் எழுத்தில் விட்டுப்போன ஒரு புள்ளியும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவர் மனைவி பேருந்து ஓட்டுநர். நாற்பதடி வண்டியை ஐம்பது பேரோடு மீன் சந்தைச் சந்துக்குள் ஒரே வீச்சில் திருப்புகிறவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பம் காரில் கிளம்பினால் சாவி யார் கையில்? அதை யாரும் பேசி முடிவு செய்ததில்லை. அவர் முன்னே போய்ப் பின்னே வந்து, மறுபடி முன்னே போய், காரை நிறுத்தப் பாடுபட, மனைவி கீழே இறங்கி நின்று, "வரலாம், வரலாம், கொஞ்சம் ஒடிங்க, அந்தப் பக்கம் இல்லங்க" என்று கைகாட்ட, ஆறு வயது மகன் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தான். யாரும் அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

விஷயம் சலூனில் வெடித்தது. நாற்காலியில் ஏற்றியதும் பையன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான்.

"ஏன் தம்பி, கத்தரின்னா பயமா?" என்றார் முடிவெட்டுபவர்.

"பயமில்ல. ஜடை போடணும்."

"ஜடையா? எதுக்குடா?" என்றார் அப்பா.

"பஸ் ஓட்டறதுக்கு."

காத்திருந்தவர்கள் செய்தித்தாளை மடித்து வைத்தார்கள்.

"பஸ் பொம்பளைங்கதான ஓட்டுவாங்க? ஆம்பளைங்களுக்குக் கார்தான். எனக்குக் கார் வேணாம்." உதடு பிதுங்கிவிட்டது. "நான் பையனாப் பொறந்துட்டேன்ல..."

"டேய், பஸ் ஓட்டற ஆம்பளைங்களை நீ பார்த்ததே இல்லையா?"

"அவங்கெல்லாம் அம்மா மாதிரி ஆளுங்க லீவு போட்டா வர்றவங்க."

முடிவெட்டுபவர் துண்டை உதறினார். "நீங்கதான் வித்தியாசம் பார்க்கறதில்லையே சார். அதான் உங்களுக்கும் சேர்த்து அவன் பார்த்திருக்கான்."

வெட்டாத தலையோடு வீடு வந்தார்கள். மனைவி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பையன் அழுகை நிற்காததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"வாயால சொன்னா இது போகாதுங்க. பார்த்துக் கத்துக்கிட்டான், பார்த்தாத்தான் மாறுவான். ஞாயித்துக்கிழமை சாவிய என்கிட்ட குடுங்க."

"குடுத்தாப் போச்சு. நான் என்ன வித்தியாசமா பார்க்கறேன்?"

கொடுத்தார். சட்டைப் பையில் தேடி, கால்சட்டைப் பையில் தேடி, கையிலேயே இருந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். "லாரி வருது", "நாய் நிக்குது", "சிவப்பு, சிவப்பு" என்று சாலையில் உள்ளதையெல்லாம் படித்துக்கொண்டு, வளைவு வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு, தரைவிரிப்பில் இல்லாத பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டு, அவரே தள்ளிக்கொண்டு வந்ததுபோல வியர்த்துவிட்டார்.

"தெரியுதுங்க," என்றார் மனைவி. பதினேழாவது முறை.

இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் புகுவதே கஷ்டம் என்ற இடத்தில் காரை ஒரே தடவையில் செருகி நிறுத்தினார். பையன் வாயைப் பிளந்தான்.

"அம்மா, உனக்குக் காரும் ஓட்ட வருமா?"

"வரும் கண்ணா."

"அப்ப எனக்குப் பஸ் வருமா?"

"ஜடை இல்லாமலே வரும்."

பையன் துள்ளிய துள்ளலில் கார் ஆடியது. அப்பாவுக்கும் உயிர் வந்தது. "பார்த்தியா? யாரு வேணா எதை வேணா ஓட்டலாம். நம்ம வீட்ல வித்தியாசமே கிடையாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது." பையன் கொஞ்சம் யோசித்தான். "அம்மா ஓட்டினா பக்கத்துல ஒரு ஆம்பளை உக்காந்து கத்திட்டே வரணும். உன் பஸ்ல அந்த மாமா எங்க உக்காருவாரும்மா?"

சிரித்துவிட்டீர்களா? நல்லது. நம் வீட்டில் இப்படியெல்லாம் இல்லை என்றும் சொல்லியிருப்பீர்கள். எதற்கும் அடுத்த முறை வேறொருவர் வண்டி ஓட்டும்போது குனிந்து உங்கள் வலது காலைப் பாருங்கள். அது எதையாவது மிதித்துக்கொண்டிருந்தால், சட்டென்று எடுத்துவிடுவதில் பயனில்லை. பின்சீட்டில் இருக்கும் வாண்டு உங்களுக்கு முன்பே பார்த்தாகிவிட்டது.