ஓணானடிகளின் வெள்ளைக்கல்

காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. உள்ளே, ஏ.சி. போட்ட கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது. முக்காலமும் அறிந்த ஓணானாம்! தொட்டியின் ஒரு கோடியில் வெள்ளைக்கல், மறுகோடியில் கருப்புக்கல். கேள்வி கேட்டால் ஓணான் நடக்கும். வெள்ளையில் ஏறினால் 'ஆம்', கருப்பில் ஏறினால் 'இல்லை'. பாலம் கட்டலாமா என்று ஒரு பொறியாளரே கேட்டுவிட்டுப் போனாராம். அந்தப் பாலத்தில் போகிறவர்கள் நீச்சல் கற்றுக்கொள்வது நல்லது.

ஓணானை வளர்ப்பவரும் அதன் வாக்குக்கு விளக்கம் சொல்பவரும் ஒருவரே. ஓணானடிகள் என்று பெயர். கேள்வி காதில் விழுந்ததும் கண்ணை மூடி நீளமாக ஒரு மந்திரம் சொல்லுவார். அது முடியும்போதுதான் ஓணான் அசையும்.

தையல்காரம்மா இங்கே இரண்டு முறை வந்துவிட்டாள். அவள் கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். கண்ணில் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன், தள்ளிப்போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் பண்ணலாமா என்று கேட்டதற்கு ஓணானோ இரண்டு முறையும் கருப்புக்கல்லில் ஏறி உட்கார்ந்தது. அடிகள் கண்ணில் விட ஒரு குப்பி எண்ணெய் விற்றார். தையல்காரம்மாவுக்குப் பயம், பயந்தவளுக்கு டாக்டரைவிட ஓணான் பெரிதாகத் தெரிந்தது.

இரண்டாம் முறை கூடப் போன நாத்தனார் சும்மா இருக்கவில்லை. ஓணான், ஆமை வளர்ப்பவர்களுக்குத் தொட்டி அமைத்துக் கொடுக்கும் கடையில் அவளுக்கு வேலை. தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அந்தத் தொட்டியில ஒரு விளக்குகூட இல்ல, பாத்தீங்களா?"

"தெய்வ ஓணானுக்கு எதுக்குடி விளக்கு?"

"எந்த ஓணானா இருந்தாலும் உடம்பு சூடானாதான் சாப்பிட்டது செரிக்கும். வெயில் மாதிரி வெளிச்சம் படலன்னா எலும்பு வலுவே இல்லாம போயிடும். அதோட முன்னங்கால் வளைஞ்சு கிடக்குது. அந்தக் குளிர்ல பாவம் விறைச்சுப் போயிருக்கு."

"அப்புறம் எப்படிக் கல்லைத் தேடிப் போவுது?"

"எந்தக் கல்லு சுடுதோ அதைத் தேடிப் போவுது!"

"வாயைக் கழுவு!"

"கழுவுறேன். அதுக்கு முன்னாடி ஒரு சோதனை. வெல்வெட்டுல ஒரு உறை மட்டும் தைச்சுக் குடுங்க. எங்கண்ணன் கண்ணு, அண்ணி. இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."

தையல்காரம்மா முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள்.

மறுநாள் கூடத்தில் நாத்தனார் பணிவாக நீட்டினாள்: "ஓணானார் சாஞ்சுக்க ஒரு மெத்தை, சாமி." வெல்வெட்டைக் கண்டதும் அடிகளின் முகம் மலர்ந்தது. வருகிறதை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத முகம். நாத்தனாரே அதை வெள்ளைக்கல் மேல் வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் பண்ணலாமா, சாமி?" என்று கேட்டாள் தையல்காரம்மா.

அடிகள் மந்திரத்தை ஆரம்பித்தார். பாதிகூட ஆகவில்லை, ஓணான் கிடுகிடுவென்று போய் மெத்தையைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொண்டது.

அடிகள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். "ஓணானார் மனம் மாறிட்டார்!"

"அப்படியா? இன்னொண்ணு கேட்டுடறேன்." நாத்தனார் மெத்தையை எடுத்துக் கருப்புக்கல்லில் வைத்தாள். "ஓணானாரே, இந்த அடிகள் சொல்றதெல்லாம் உண்மையா?"

ஓணான் ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு நேரே கருப்புக்கல்லுக்கு நடந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே சாட்சியே பிறழ்ந்துவிட்டது!

நாத்தனார் உறையைப் பிரித்தாள். உள்ளே வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை. கூட்டம் வாயைப் பிளந்தது.

தையல்காரம்மா கருப்புக்கல்லின் அடியில் விரலை வைத்தாள். மெத்தை படாத அந்த அடிப்பக்கம்தான் அதிகமாகச் சுட்டது. அங்கிருந்து கிளம்பிய ஒயர் கம்பளத்துக்கு அடியில் ஓடி, அடிகளின் கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு சுவிட்சில் முடிந்தது. வெள்ளைக்கல்லின் ஒயருக்கும் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச். கல் சூடாக ஆகும் நேரம்தான் மந்திரத்தின் நீளம்.

"எம்புருஷன் கண்ணைப் பத்திக் கேட்டேன்யா உங்கிட்ட!" என்று அலறினாள். "அதையும் காலால அமுக்கிட்டியே!"

அடிகள் பின்வாசலைப் பார்த்தார். அங்கேயும் வரிசைதான் நின்றது. போலீஸ் வரும்வரை அவர் தான் போட்ட ஏ.சி. குளிரிலேயே உட்கார வேண்டியிருந்தது.

ஓணானை நாத்தனார் கடைக்கு எடுத்துப் போனாள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. மிச்சமிருந்த பார்வை தப்பியது.

அன்றைக்குக் கலைந்து போன கூட்டத்தில் ஒருவர் மட்டும் நாத்தனாரை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏம்மா, இந்த ஓணான்தானே மோசம்? உங்க கடையில ஆமை இருக்காமே, அது சரியாச் சொல்லுமா?"

"ஐயா, ஓணானுக்கும் ஆமைக்கும் உடம்புல சொந்தமாச் சூடு கிடையாது, வெளியில இருந்துதான் வரணும்" என்றாள் அவள். "உங்களுக்குச் சூடும் சொந்தம், மூளையும் சொந்தம். ரெண்டையும் வெச்சுக்கிட்டு அதுங்ககிட்ட ஏன் கையேந்தறீங்க?"