கறை நீக்கிய சிவிங்கிப்புலி

எந்த உண்மையையும் கொஞ்சம் வளர்த்துச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. (பொய் என்பதற்கு இது நீளமான பெயர் என்பது என் மனைவி றெஜினாவின் கட்சி.) இந்தக் குணத்தால் எங்கள் கலியாணமே நின்றுபோகப் பார்த்தது.

அலுவலக லீவையெல்லாம் சேர்த்து வைத்து ஒருமுறை பொட்ஸ்வானா போனேன். முள்ளுப்பற்றைக்குப் பின்னால் ஒரு சிவிங்கிப்புலி படுத்திருந்தது. வழிகாட்டி அதைச் சாதாரணமாகத்தான் காட்டினார். எனக்கோ அதன் முதுகில் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து முதுகில் கோடாக ஓடினால் அது அரச சிவிங்கி, காட்டிலேயே கிடப்பவர்களுக்கும் கண்ணில் படாத அபூர்வம் என்று எங்கோ படித்திருந்தேன். மொன்றியலில் வந்து இறங்கும்போது நான் அரச சிவிங்கியைப் படம் பிடித்தவனாகிவிட்டேன்.

றெஜினாவின் அப்பா துறைமுகத்தில் கொண்டெய்னர் லொறி ஓடுபவர். ஓய்வு நேரமெல்லாம் தொலைக்காட்சியில் விலங்குகளைப் பார்ப்பவர். (இதை அவள் முன்பே சொல்லியிருக்கலாம்.) பெண் கேட்டுப் போன இடத்தில் நான் சிவிங்கிக் கதையை அவிழ்த்துவிட்டேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முதல்ல படத்தைப் பாப்பம் தம்பி. கலியாணத்தைப் பேந்து கதைப்பம்."

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் யாராவது பயணக்கதை சொல்வது வழக்கம். அடுத்த முறையை நானே கேட்டு வாங்கினேன். படத்தை ஆளுயரப் பதாகையாக அடிக்க, செயின்ட்-மிஷேலில் கலியாண அல்பம் செய்யும் செல்வன் அண்ணையிடம் கொடுத்தேன். நல்ல வடிவாகச் செய்து தாருங்கள் என்றும் சொல்லித் தொலைத்தேன். அவர் சுருட்டித் தந்ததை விரித்துப் பார்க்காமலே மண்டபத்துக்குக் கொண்டுபோனேன்.

முன்வரிசையில் றெஜினாவின் அப்பா. நான் பதாகையை அவிழ்த்துவிட்டு, சபையைப் பார்த்தபடியே, முதுகுக் கோடுகளைக் கவனிக்கச் சொன்னேன். முன்வரிசை கழுத்தை நீட்டித் தேடியது. திரும்பிப் பார்த்தேன். கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. சிவிங்கிக்குக் கண்ணிலிருந்து வாய்வரை இறங்குமே கறுப்புக் கண்ணீர்க்கோடு, அதுகூட இல்லை. பவுடர் பூசிய முகமும் ரோஸ் உதடுமாக ஒரு மணப்பெண் புல்லில் படுத்திருந்தது.

செல்வன் அண்ணை பின்வரிசையில் எழுந்து நின்றார். "உடம்பெல்லாம் ஒரே கறை தம்பி. ரெண்டு நாள் இருந்து எல்லாத்தையும் எடுத்துவிட்டனான்" என்றார். பாராட்டை எதிர்பார்த்த முகம்.

எனக்கு அழுகை வந்தது. றெஜினா கைவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அப்பா மேடைக்கு வந்து, என் கைத்தொலைபேசியில் இருந்த மூலப்படத்தை வாங்கி, விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார்.

"இது சாதாரண சிவிங்கி. கோடெல்லாம் முள்ளுப்பற்றையின்ர நிழல்."

"ஓம் அங்கிள். எனக்கு அங்கயே சந்தேகம்தான்."

வளர்க்காமல் நான் அவரிடம் சொன்ன முதல் வசனம் அது. அவர் கைத்தொலைபேசியைத் திருப்பித் தந்தார். பிறகு பின்வரிசைப் பக்கம் திரும்பினார்.

"செல்வன், கலியாணப் படமும் நீர்தான். ஆனா மாப்பிள்ளையின்ர முகத்தில ஒரு புள்ளியும் எடுக்கக் கூடாது."

செல்வன் அண்ணை மாமா சொன்ன சொல்லைத் தட்டவில்லை. எங்கள் அல்பத்தில் றெஜினா, மாமா, பங்குச் சுவாமியார், எழுபது வயதுப் பெரியம்மா எல்லாரும் பளிங்குபோல மின்னுகிறார்கள். நடுவில் நான் மட்டும் பருவும் மச்சமும் கருவளையமுமாக நிற்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் எங்கள் மகள் அந்தப் பக்கத்தை விரித்து என்னைத் தொட்டுக் காட்டுவாள்.

"இவரை மட்டும் காட்டில எடுத்தது."