ஆட்டம் பார்க்கப் போனது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். அங்கு நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் தங்கை தினமும் போனில் கேட்டு, உங்கள் முழங்கால் வலி எந்தப் படியில் தொடங்குகிறது என்பது வரை எனக்குச் சொல்லிவிடுகிறாள். பேசினால் போதாதா, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மகள் வேலைக்கென்று வெளியூர் போனபின் சும்மா கிடக்கும் பின்னறையில் ஒரு சிறு பட்டறை போட்டுக்கொள்ள எனக்கு ஆசை. இத்தனை காலமும் கல்லூரியில் இயந்திரங்களைக் கரும்பலகையில்தான் ஓட்டியிருக்கிறேன். துறைத்தலைவர் நாற்காலி எனக்கு வரவேண்டிய சமயத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. அந்தக் கதையை மறந்திருந்தால் இன்னொரு முறை எழுதத் தயாராக இருக்கிறேன். இனிமேலாவது நான் சொன்னால் சொன்னபடி சுற்றுகிற ஒன்று வீட்டில் இருக்கட்டுமே என்று நினைத்தேன். இரும்பு கடையும் பழைய லேத் ஒன்று விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும் உங்கள் தங்கை, "எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அவர் சரின்னா ரூமை விட்டுத்தர்றேன்" என்று சொல்லிவிட்டாள். பட்டறை நடத்தியவர் நீங்கள், கேட்டேன். "ஆட்டம் இருக்கான்னு பாருங்க மாப்பிள்ளை" என்றீர்கள். நல்ல யோசனை, தேய்ந்த இயந்திரம் ஆடத்தானே செய்யும். அதோடு விட்டிருக்கலாம். "படிச்சவராச்சே, ஸ்பேனரைக் கையில குடுத்தா வாசிக்க ஆரம்பிச்சிடாதீங்க" என்று சேர்த்துக்கொண்டீர்கள். இதையே உங்கள் மகள் கல்யாண விருந்திலும் சொன்னீர்கள். அன்று சிரித்தவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. உங்கள் தங்கையும் அதில் ஒருத்தி.

போகட்டும். பழைய சாமான் வாங்கப் போனால் விற்கிறவர் புகழ்வார், நாம் குறை கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதானே முறை. புகழ்ச்சியை நம்பாமலிருப்பதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு என்பதால் தைரியமாகவே போனேன். கதவைத் திறந்தது வீட்டம்மா. "மகன் வீட்டோட போயிடப்போறோம் சார். மூணாவது மாடி. அங்க இந்த மெஷினை ஏத்த முடியாது" என்றார். நான் எடுத்த எடுப்பிலேயே உங்கள் கேள்வியைக் கேட்டேன். "ஆட்டம் ஏதாவது இருக்காம்மா?"

அவர் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் சர்க்கரை வந்ததுக்கப்புறம் அடங்கிப்போச்சு சார். இப்ப தானுண்டு மெஷினுண்டுன்னு இருக்காரு."

நான் கேட்டது லேத்தை என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவரும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதை வீட்டுக்காரரிடமே கேளுங்கள் என்று பின்கட்டுக்கு அனுப்பினார். அங்கே லேத்துக்குப் பக்கத்தில், அதற்குக் காவல் போட்டதுபோல், ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் உண்டா என்றேன்.

"ஏகப்பட்ட ஆட்டம். வாங்காதீங்க" என்றார்.

மச்சான், இதற்கு நான் தயாராக இல்லை. தன் பொருளைத் தானே மட்டம் தட்டுகிற மனிதரை நம்புவதா, நம்பாமலிருப்பதா? நீள இரும்புக் கம்பி ஒன்றை, பிடித்துச் சுழற்றும் சக்கில் இறுக்கி, கடிகார முள் வைத்த அளவுமானியைப் பக்கத்தில் நிறுத்தி, கம்பியை மேலும் கீழும் நெம்பினேன். முள் தூங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் இல்லையே என்றேன். "உங்க முள்ளு பழுதாயிருக்கும்" என்றார். வெட்டுகிற டூல் முன்னும் பின்னும் நகர்கிற நீளத் தண்டவாளம் இருக்கிறதே, அது எப்போதும் சக்கை ஒட்டிய இடத்தில்தான் தேயும். வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது, கடைசி முனைக்கு யாரும் போவதில்லை. அந்த இடத்தில் நகத்தை ஓட்டினேன். தடுக்கவில்லை. "அது பார்க்கிறவங்களுக்குத் தெரியாத தேய்மானம்" என்றார். பல்சக்கரங்கள் உடைந்திருக்கின்றன என்றார். மூடியைக் கழற்றினேன். பற்கள் எல்லாம் முழுதாக இருந்தன, புது கிரீஸ் தடவி. "உள்ளுக்குள்ள உடைஞ்சிருக்கு" என்றார். அப்படி உடைவது மனிதர்கள்தான் என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

மோட்டார் செத்துப்போய் மாதக்கணக்காகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீட்டம்மா வந்து சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனார். லேத் ஓடியது. ஸ்க்ரூ டிரைவரின் மூக்கைப் பேரிங் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக்கொண்டேன். கரகரப்பு இல்லை. பக்கத்தில் அவர் மூச்சுதான் பலமாகக் கேட்டது.

கடைசிச் சோதனை, ஒரு கம்பியைக் கடைந்து இரண்டு முனையையும் அளப்பது. இங்கே நான் ஒரு காரியம் செய்தேன். வேண்டுமென்றே டூலை மையத்துக்குக் கொஞ்சம் கீழே பொருத்தினேன், தொழில்காரர் கண்ணில் உறுத்துகிற தப்பு அது. அவர் பார்த்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி பார்த்தார். டூல் கம்பியைத் தொடப்போகும்போது பொறுக்கமாட்டாமல் எழுந்தார்.

"தள்ளுங்க சார். அதைக் கொன்னுடாதீங்க."

டூலுக்கு அடியில் ஒரு தகடு வைத்து உயர்த்தி, கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். இரும்பு நீலச் சுருளாக உரிந்து வந்தது. முடித்ததும் இரண்டு முனையையும் அளந்தேன். ஒரே அளவு. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"வேணும்னேதான கீழ வெச்சீங்க?"

"ஆமா."

"இவ்வளவு நாளா வர்றவங்களையெல்லாம் நான்தான் ஏமாத்திட்டு இருந்தேன்" என்று சொல்லி, சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

லேத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நான் வாங்கப்போவதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன், வீட்டம்மாவின் முகம் வாடிவிட்டது. காரணம் இதுதான். எனக்கு உரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை நான் தினமும் பார்க்கிறேன். எப்படிப் பார்க்கிறேன் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பார்வையை இன்னொருவர் கண்ணில் வைத்துவிட்டு, ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து என் வீட்டில் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. பிரிய மனமில்லாத பொருளை மனிதன் பழித்துத்தான் காப்பாற்றிக்கொள்கிறான் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. நீங்கள் என்னை நாலு பேர் நடுவில் பழிப்பதும் அப்படித்தானோ என்று அடுத்த நிறுத்தம் வரை யோசித்தேன். இல்லை என்று முடிவுக்கு வந்தேன்.

ஆகவே உங்கள் சம்மதம் எனக்குத் தேவைப்படாது. "அப்பவே சொன்னேன்ல, அவருக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று தங்கையிடம் சொல்லவேண்டாம். நீங்கள் சொல்வீர்கள், இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். அறையில் பழையபடி துணி காயட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் முழங்காலுக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். லேத்துக்காரர் போனில் கூப்பிட்டார். பழைய இரும்புக்காரன் வந்து லேத்தை எடைக்குக் கேட்டானாம். "எடைக்குக் கேக்கிறான் சார்" என்று அதையே இரண்டு முறை சொன்னார். பிறகு, "குடுக்கறதா இருந்தா உங்களுக்குத்தான்" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். மேலே எழுதியதைக் கிழிக்க மனமில்லை, நடை நன்றாக அமைந்திருக்கிறது. ஆனால் விலை பேசுவதற்கு முன் அவர் ஒன்று பார்க்கவேண்டுமாம்: அறையை, தரையை, என்னை. ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அந்த நேரத்தில் என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல, தொழில் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் தேவலை. யோசித்துப் பார்த்தேன், உங்களைத் தவிர ஆள் அகப்படவில்லை. வாருங்கள். பொய்யாகச் சொன்னாலும் பரவாயில்லை.