இன்னுங் கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா

"இன்னுங் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுங்க மாமா" என்றான் சாம்சன்.

அவனுடைய மாமனார் சௌந்தரபாண்டியன் கோட்டும் டையுமாக, பனியில் நனைந்த ஏரிக்கரைப் புல்லில் நகர்ந்தார். கேமராவுக்குள்ளிருந்து அவர் தோள் போயிற்று, காது போயிற்று, வழுக்கை மட்டும் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. மாமனாரை நிற்க வைத்து, படத்தில் மாமனார் விழாமல் எடுப்பது என்ன லேசுப்பட்ட காரியமா?

சங்கதி இதுதான். போடியில் அவர்களுடைய ஏலக்காய்க் கடை வருஷா வருஷம் கேலண்டர் போடும். மாமனார் கடையை ஒப்படைத்த வருஷம், சாம்சன் விசுவாசத்தில் அவர் படத்தையே போட்டு வைத்தான். அப்புறம் அதை மாற்றத் தைரியம் வரவில்லை. டீக்கடை, சலூன், எஸ்டேட் லயத்து வீடு என்று போகிற இடத்திலெல்லாம் சுவரிலிருந்து மாமனார் முறைத்தார்.

இந்த வருஷம் சாம்சன் புதுக் கேமரா வாங்கியிருந்தான். போடிமெட்டுக்கு மேலே, கார்த்திகைக் குளிரின் இளவெயிலில் மலையும் ஏரியும்! தான் எடுத்த படம் ஊர்ச் சுவரெல்லாம் தொங்க வேண்டும் என்று உயிரை விட்டான். அன்று சாயங்காலத்துக்குள் படம் சிவகாசி அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

முந்தின நாள் அவன் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அது எதற்கு என்று மாமனார் கேட்டார். கேலண்டருக்கு என்று உளறிவிட்டான். யார் படம் என்றார். பாவம், அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "உங்க படந்தான் மாமா. பின்னாடி மலை, ஏரியெல்லாம் வச்சு" என்றான். விடியக்காலம் பார்த்தால், ஜீப்பு முன்சீட்டில் டிரைவர் மாரீஸ்வரன் பக்கத்தில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

ஒருவழியாக வழுக்கை விலகியது. படத்தை எடுத்துப் பார்த்தான். சாய்ந்து அடித்த வெயிலில் மாமனாரின் நிழல் பனைமர நீளத்துக்குப் படத்தின் குறுக்கே கிடந்தது.

நிழல் விழாத பக்கமாக ஒரு கல்லில் உட்கார வைத்தான். அவர் சும்மா இருக்காமல் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவ, தண்ணீருக்குள் தெரிந்த மலை துண்டுதுண்டாகக் கலைந்தது.

வெளிச்சம் சரியில்லை, ஜீப்பில் இருங்கள் என்று ரோட்டுக்கு அனுப்பினான். அதுதான் வினையாயிற்று. ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களின் ஜீப்பு வந்து நின்றது. "ஏய், நம்ம கேலண்டர் அய்யாடி" என்று அதிலிருந்த ஒச்சம்மாள் இறங்க, ஜீப்பே காலியானது. அவரைக் கரைக்கே இழுத்துவந்து, ஏரியை மறைத்து வரிசையாக நின்றுகொண்டு, தங்களையும் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான். இன்னொன்று கேட்டார்கள். அதையும் எடுத்தான். மஞ்சள் வெயில் வெளுத்துக்கொண்டே வந்தது. சாம்சனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நல்லவேளை, மாமனாரே எல்லாரையும் டீ வாங்கித் தருவதாகச் சொல்லி ஓட்டிக்கொண்டு மேலே போனார்.

ஏரி ஒண்டியாகக் கிடந்தது. மேலே ஒரு மலை, தண்ணீருக்குள் ஒரு மலை, நடுவில் பூப்போல மூடுபனி. சாம்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். அப்படியொரு சந்தோஷம் அவனுக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது மனசு உறுத்தியது. மறைத்து என்ன செய்வது? கேமராவை நீட்டிவிட்டான்.

மாமனார் வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நான் இல்லையே மாப்ளே."

"இதத்தான் கேலண்டருக்கு அனுப்பலாம்னு..." என்று இழுத்தான் சாம்சன்.

"உங்க இஷ்டம்" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு பாலத்துச் சுவர்ப் பக்கம் போய்த் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

பெண்ணையும் கொடுத்து, கடையையும் கொடுத்த மனுஷனை அழவைத்துக் கேலண்டர் போட வேண்டுமா? போனால் போகட்டும், பழைய படமே இருக்கட்டும் என்று சாம்சன் டிரைவர் மாரீஸ்வரனிடம் சொல்லிவிட்டு, ஏரிப் படத்தை அழிக்கப் பொத்தானில் விரல் வைத்தான்.

மாரீஸ்வரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அழிச்சிராதீங்கண்ணே. முடிவெட்டப் போற எடத்துலகூட எம்மூஞ்சியே தொங்குது, மாப்ள மனசு நோகாம இந்த வருசம் எப்பிடிடா தப்பிக்கிறதுன்னு அய்யா நேத்துலருந்து எங்கிட்டப் பொலம்பிக்கிட்டு இருந்தாரு."