பிரெஞ்சு மாமாவின் கோணல் திருவாசி

ரங்கூனிலேயே நேர்க்கோட்டுக்கு ஜென்ம விரோதி என்று ஒருவர் இருந்தால், அது பசுந்தாங் பேட்டை வெள்ளிப் பட்டறை பிரெஞ்சு மாமாதான். ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் இன்சீனைத் தாண்டிப் போனவர் இல்லை. ஆனால் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு பிரெஞ்சு அச்சுப்படத்தைச் சுவரில் மாட்டி, தினமும் ஊதுபத்தி காட்டுவார். அந்த நாட்டு ராஜா காலத்து வெள்ளிக் கண்ணாடிச் சட்டத்தின் படம் அது. இடப்பக்கம் சிப்பியும் அலையும் மேலே ஏறும். வலப்பக்கம் இலையும் சுருளும் கீழே வழியும்.

அந்தப் படம் கிடைத்த நாள்முதல் அவர் தொட்டதெல்லாம் சுருள்தான். அவர் செய்த வெற்றிலைப் பெட்டி, சிப்பி துருத்திக்கொண்டு மூடவே மூடாது. லபெயே டீக்கடைக்காரருக்குச் செய்து கொடுத்த டீக்கரண்டியைப் பிடித்தால் விரல் கிழியும். கேட்டால், “ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா அதுல என்னாப்பா உசிரு இருக்கு?” என்பார்.

அவர் மனைவி லெட்சுமி அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்தால் மாரியம்மனுக்குப் பின்னால் வைக்க வெள்ளித் திருவாசி செய்து தருவதாக மாமா வேண்டிக்கொண்டார். அத்தை பிழைத்தார். முகம் மட்டும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

அந்தப் படத்தைப் பார்த்து அப்படியே திருவாசியை அடித்து முடித்தார் மாமா. கோயிலுக்குக் கொண்டுபோகும் நாளில் அவர் மகள் கைபேசியில் எதையோ தேடிப் பார்த்துவிட்டுத் தலையில் குண்டைப் போட்டாள்.

“அப்பா, அந்தப் படத்துல இருக்கறது ஒரு டிசைன் இல்லே, ரெண்டு. வாங்க வர்றவங்ககிட்ட எது புடிச்சிருக்குன்னு கேக்குறதுக்காகப் பாதி பாதியாப் போட்டிருக்கான்.”

மாமா படத்தையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். பட்டறையில் கூடியிருந்த எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கோயிலில், பர்மிய மரியாதையோடு ‘ஊ’ சேர்த்து எல்லோரும் கூப்பிடும் தர்மகர்த்தா ஊ முத்துவுக்கு அந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை.

“கோணலா இருக்கே! அம்மனுக்குப் பின்னாடி இத எப்பிடி வைக்கிறது? ஒரு பக்கத்த அழிச்சு, மறுபக்கம் மாதிரியே செஞ்சு கொண்டாங்க.”

மாமா திருவாசியைத் துணியில் சுற்றத் தொடங்கினார். நேர்த்திக்கடன் தீராமல் போனால் அத்தைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவருக்கு.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஊ முத்து, என் மொகத்தப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணாவா இருக்கு? இந்த மொகத்தோட நான் உள்ளாற வரலாமா, கூடாதா?”

ஊ முத்து குனிந்து, தானே துணியைப் பிரித்தார்.

தீபாராதனை வெளிச்சத்தில் சிப்பியும் சுருளும் மின்னின. நாங்கள் எல்லோரும் அம்மனைக் கும்பிட்டோம். பிரெஞ்சு மாமா மட்டும் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.