நாற்பத்தெட்டு பாக்கெட்டும் ஒரு டீக்கரண்டியும்

எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாகத் திறக்காமல் இருந்தவை இரண்டு. ஒன்று, 1979-ஆம் வருஷத்து ஹாக்கி கார்டுப் பெட்டி. இன்னொன்று, என் மனைவி ஒரிசியா பேசும்போது என் வாய்.

பெட்டிக்குள் மெழுகுத் தாளில் மடித்து ஒட்டிய நாற்பத்தெட்டு பாக்கெட்டுகள். ஒவ்வொன்றிலும் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகள், ஒரு பட்டை சூயிங் கம். பிரிக்காத பெட்டி என்று நிபுணர் பார்த்து முத்திரை ஒட்டிவிட்டால், பழைய கார்டு சேர்ப்பவர்கள் கொட்டிக்கொடுக்கும் பணத்தில் எங்கள் டாஃபின் ஊரிலேயே பெரிய மீன்பிடிப் படகு என்னுடையதாக இருக்கும். ஒரிசியாவுக்குத் தெரிந்தால் அதே பணம் சமையலறைக்குப் புதுத் தரையாகிவிடும். ஆகவே, வீட்டைச் சூடாக்கும் கணப்பு உலையைச் சோதிக்க ஆள் வருகிறது என்று சொல்லிவைத்தேன்.

வின்னிபெக் நகரத்திலிருந்து நிபுணர் பீச்சம் வந்தார். சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார்.

"லைல்," என்றாள் ஒரிசியா, "உலை கீழ்த்தளத்துல இருக்கு. இவர் எதுக்கு என் மேசையில பூதக்கண்ணாடி வைக்கிறார்?"

"ரொம்பச் சின்னக் கோளாறாம்."

"உனக்கா, உலைக்கா?"

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். முழு உண்மையையும் அல்ல. ஒரு குளிர்காலத்தில் சபலம் தாங்காமல் ஒரே ஒரு பாக்கெட்டைப் பிரித்து, இஸ்திரிப் பெட்டியால் திரும்ப ஒட்டியிருந்தேன். நாற்பத்தெட்டில் ஒன்றுதானே, யார் கண்ணில் படப்போகிறது?

பீச்சம் கண்ணில் பட்டது. இரண்டே நிமிஷத்தில்.

"இதை யாரோ பிரிச்சிருக்காங்க. மெழுகு தீஞ்சிருக்கு. படு மட்டமான வேலை."

"நான்தான்," என்றேன், தரையைப் பார்த்தபடி.

ஒரிசியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பிரிக்காத பெட்டி, பிரிக்காத பெட்டின்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டியே! என்னைத் தூசி தட்டக்கூட விட்டதில்லையே!"

"ஒண்ணு போனா என்ன? மிச்சம் நாற்பத்தேழு இருக்கே, சார்?" என்றேன் பீச்சத்திடம்.

பீச்சம் அடுத்த பாக்கெட்டை விளக்கருகே பிடித்தார். அதற்கடுத்ததை. இப்படியே அரைமணி நேரம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாற்பத்தேழும் பிரிச்சு ஒட்டினதுதான்."

"சத்தியமா நான் இல்லைங்க!"

"அது பார்த்தாலே தெரியுது. இது கைதேர்ந்த வேலை. முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், என்னையே பத்து நிமிஷம் ஏமாத்திடுச்சு."

வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர். நான் மெதுவாகத் திரும்பினேன்.

"காபி போடட்டுமா?" என்றாள் ஒரிசியா.

"ஒரிசியா!"

"நீ ஏரிக்கு மீன் பிடிக்கப் போவியே, அந்தச் சனிக்கிழமைங்கள்ல. வாரத்துக்கு ஒண்ணு. நல்ல கார்டா இருந்தா எடுத்துக்கிட்டு, சாதாரண கார்டை உள்ளே வச்சிடுவேன். சூயிங் கம்மைத் தொடலை. என் பல்லு எனக்கு வேணும்."

"எடுத்ததையெல்லாம் என்ன பண்ணினே?"

"பாத்திரம் கழுவுற மெஷின் எப்படி வந்துச்சுன்னு நினைச்சே?"

"உங்க அம்மா கொடுத்தாங்கன்னு சொன்னியே!"

"அம்மா கொடுத்ததுன்னா நீ வேற எதுவும் கேட்கமாட்டே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பெட்டியை விக்கப்போறேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன். வெளியாளை ஏமாத்துவேனா? புருஷனைத்தானே ஏமாத்தினேன்!"

போலீஸைக் கூப்பிடாவிட்டாலும் கண்டித்து நாலு வார்த்தையாவது பேசுவார் என்று பீச்சத்தைப் பார்த்தேன். அவர் குறிப்பேட்டைத் திறந்திருந்தார்.

"அம்மா, எதால ஒட்டினீங்க? இஸ்திரிப் பெட்டி இல்லையே?"

"சே, அதை முட்டாள்தான் செய்வான். வெந்நீர்ல வச்ச டீக்கரண்டி. அதோட முதுகால ஒரே ஒரு தடவை நீவணும்."

"நீவணும்..." என்று எழுதிக்கொண்டார். "எங்க ஆபீஸ்ல திருட்டுத்தனமா ஒட்டினதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் வேணும். வாரத்துல மூணு நாள் வரமுடியுமா?"

"மதியச் சாப்பாடு உண்டா?"

உண்டாம்.

அவள் வின்னிபெக் போகும் நாட்களில், அவளுக்குப் பதிலாகத் தேவாலயப் பெண்களோடு உட்கார்ந்து உருளைக்கிழங்குப் பெரோகிக் கொழுக்கட்டை மடிக்கும் வேலை இப்போது எனக்கு. போன வாரம் நான் மடித்த அறுபதும் கொதிநீரில் பிரிந்துவிட்டன. ஓரம் ஒட்டத் தெரியாத ஆளை அனுப்ப வேண்டாமென்று ஒரிசியாவுக்குச் சீட்டு எழுதி, என் கையிலேயே கொடுத்தனுப்பினார்கள்.